வேரில்லாப் புற்றரை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, லாஸ் வெகாஸ் நகரில் வாழும் எமது பழைய மாணாக்கர் ஒருவர் தம் வீட்டுப் படமொன்றை எமக்கு அனுப்பியிருந்தார். பின்வளவிலே சிறியதொரு நீச்சல் தடாகம். அதனைச் சுற்றிக் கம்பளம் விரித்தாற்போலப் பசும்புல். பாலைநிலத்திலே இத்துணைப் பசுமை எவ்வாறு வந்தது என வியந்து எழுதினோம். "ஐயா, அது புல்லன்று, பிளாத்திக்கு" என மறுமொழி வந்தது. உடன் வந்த செய்திதான் எம்மை வருத்தியது. ஆடி மாதத்து நண்பகலொன்றில் வீட்டிலிருந்து தடாகத்தை நோக்கி வெறுங்காலோடு ஓடிய அவருடைய நான்கு வயது மகள், உள்ளங்கால் கொப்புளித்து ஒரு கிழமை நடக்கமாட்டாது இருந்தாளாம். புல்லைப் பதித்தவர்கள் வெப்பத்தைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அவருடைய மனக்குறை. அவருக்கு வெப்பவியல் கற்பித்தவர் நாமே ஆதலின், அக்குறையிற் சிறிது எம்மையும் சாருமோ என்ற ஐயத்தோடு இப்புல்லின் கதையை ஆராயலானோம்.

இதன் பிறப்பு விளையாட்டுத் திடலிலே. டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் 1965 ஆம் ஆண்டு அஸ்ட்ரோடோம் என்னும் பெரும் அரங்கம் திறக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரையின்கீழ் மெய்யான புல்லே வளர்க்கப்பட்டது. கூரை ஒளியிற் கண் கூசி, உயர எழும் பந்தை ஆட்டக்காரர் காணமுடியாமற் போகவே, கூரைக்கு வர்ணம் பூசினர். வெயிலிழந்த புல் பட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு மொன்சான்ரோ நிறுவனத்தாரின் நைலோன் புல் அங்கே விரிக்கப்பட்டது. அரங்கத்தின் பெயரே புல்லுக்கும் ஆகி, 'அஸ்ட்ரோ ரேவ்' என்று வழங்கலாயிற்று. இன்று வீடுகளிற் பதிக்கப்படுவது பெரும்பாலும் பொலியெதிலீன் இழைகளால் ஆனது; நைலோனிலும் மென்மையானது.

திடலிலிருந்து அது வீட்டு வளவுக்கு வந்தமைக்கு நீர்ப்பஞ்சம் ஒரு பெருங்காரணம். லாஸ் வெகாஸ் பகுதி தன் நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைக் கொலராடோ ஆற்றிலிருந்தே பெறுகின்றது. அவ்வாற்றை ஹூவர் அணை மறிப்பதால் உண்டான மீட் ஏரி, 2022 ஆம் ஆண்டிலே, 1930களில் முதன்முதலாக நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப்பின் காணாத அளவுக்கு வற்றியது. புல்லை அகற்றிப் பாலைநிலச் செடிகளை நடுவோர்க்கு அங்குள்ள நீர் அதிகாரசபை பணம் கொடுக்கின்றது. தடாகங்களும் தப்பவில்லை. லாஸ் வெகாஸ் அமைந்துள்ள கிளார்க் கவுண்டி தன் நேரடி ஆட்சிக்குட்பட்ட இடங்களிலே, புதிய வீட்டுத் தடாகங்களின் நீர்ப்பரப்பு 600 சதுர அடிக்கு மேற்படலாகாது என 2022 இல் விதித்தது. இந்நிலையிலே, ஒரு துளி நீரும் வேண்டாத புல்லை ஒருவர் விரும்பினாரெனில் அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது.

பதிக்கும் முறையையும் மாணாக்கர் விரிவாக எழுதியிருந்தார். பார்வைக்குப் பாய் விரிப்பதுபோன்ற வேலை. உண்மையில் உழைப்பெல்லாம் பாயின் அடியிலேயே உள்ளது. முதலில் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு மண்ணை அகழ்ந்தெடுத்து, நொறுக்கிய கல்லை இட்டு, இயந்திரத்தால் இறுக்குவர். அத்தளம் தடாகத்துக்கு எதிர்ப்புறமாகச் சரிதல் வேண்டும். சரிவு தவறின் மழைநீர் அழுக்கோடு தடாகத்தினுள் இறங்கும். பின்னர் இழைகள் யாவும் ஒரே பக்கம் சாயும்படி விரித்து, பொருத்துக்களைப் பசையால் ஒட்டி, தடாகத்தின் விளிம்புக் கல்லோடு இடைவெளியின்றிச் சேர்ப்பர். இழைகள் நிமிர்ந்து நிற்க இடையிடையே மணல் தூவப்படும். விளையாட்டுத் திடல்களில் இடும் பழைய சில்லுகளின் இறப்பர்த் துகள் இங்கே ஆகாது. அது கருமையால் மேலும் சுடுவதோடு, குளிப்போரின் காலோடு நீரினுள் சென்று வடியையும் அடைக்கும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். உயிருள்ள புல் வேரால் நீரை உறிஞ்சி இலையால் ஆவியாக விடுகின்றது. ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பம் செலவாவதால் இலை குளிர்கின்றது. பிளாத்திக்கு இழைக்கு வேருமில்லை, வியர்வையுமில்லை. வாங்கிய வெயில் அதன்மேலேயே தங்கும். யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் தம் செயற்கைத் திடலை 2002 இல் அளந்தபோது, காற்று 37 பாகை செல்சியஸாக இருந்த நாளில் திடலின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. அது கொதிநீருக்குச் சிறிதே குறைவு! நீர் தெளித்தால் ஆறாதோ எனின், அதனையும் சோதித்தனர். 79 பாகையிலிருந்த பரப்பு நீர் பட்டவுடன் 29 ஆக இறங்கியது. ஐந்து நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73 என மீண்டும் ஏறிவிட்டது. அவர்கள் அளந்தது இறப்பர்த் துகள் இட்ட திடல். வீட்டுப் புல் சற்றுக் குறைவாகச் சுடலாம். ஆயினும் நான்கு வயதுப் பிள்ளையின் காலுக்கு அந்தக் குறைவு போதாது. எதிரேயுள்ள கண்ணாடி யன்னலில் தெறித்து வரும் வெயிலில் இழைகள் உருகிச் சுருங்குவதும் உண்டு.

இழைகள் தேய்ந்து நுண்துகளாக மண்ணிற் சேர்வதும், பழைய புல்லை எங்கே எறிவது என்பதும் வேறு கவலைகள். கலிபோர்னியா மாநிலத்தின் போக்கே இதற்குச் சான்று. வறட்சி வருத்திய 2015 இல், வீட்டார் செயற்கைப் புல் இடுவதை நகரசபைகள் தடுக்கலாகாதெனச் சட்டம் செய்தது. 2023 இல், விரும்பிய நகரசபை தடுக்கலாமென அதனை மாற்றிற்று.

எம் மாணாக்கர் யாது செய்தார்? நீரை எண்ணி மெய்ப்புல்லுக்குத் திரும்ப அவர் மனம் ஒப்பவில்லை. செலவிட்ட பணத்தை எண்ணி முழுவதையும் பெயர்த்தெறியவும் இயலவில்லை. வீட்டுக்கும் தடாகத்துக்கும் இடையிலுள்ள பகுதியை மட்டும் அகற்றி, வெளிர்நிறக் கல் பதித்து, மேலே நிழற்றுணி கட்டியிருக்கிறார். மேற்குப் பக்கத்திலே பாலோ வெர்டே என்னும் பாலைமரக் கன்றொன்று நட்டிருக்கிறார். இலையுதிர்ந்த காலத்திலும் பச்சைத் தண்டினாலேயே உணவாக்கும் மரம் அது. மாலை வேளைகளில் மகள் அதற்குச் சிறு வாளியால் நீர் ஊற்றுகின்றாளாம், செருப்பணிந்து.