வீட்டிலே ஒரு படமாளிகை: பின்புற ஒலிபெருக்கிகளைத் தெரிவு செய்வது எப்படி?

வெள்ளவத்தையில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் வீட்டு முன்மண்டபத்தைச் சிறு படமாளிகையாகவே மாற்றிவிட்டார். அகன்ற தொலைக்காட்சி, அதன் அருகே மூன்று ஒலிபெருக்கிகள், தாழ்ந்த சுருதிக்கென மூலையில் ஒரு பெட்டி, பின்சுவரிலே கதிரைகளுக்கு நேர்மேலாக இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். முதல் ஞாயிறன்று குடும்பம் முழுவதும் கூடியிருந்து படம் பார்த்தது. நாமும் சென்றிருந்தோம்.

மூன்றாம் ஞாயிறு நாம் சென்றபோது நண்பரின் தாயார் தம் கதிரையைச் சமையலறை வாயிலுக்கு நகர்த்திவிட்டிருந்தார். காரணம் வினவினோம். "படத்திலை மழை பெய்யுது. என்ரை தலைக்கு மேலைதான் அது முழுக்கப் பெய்யுது. அவை கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி" என்றார் அந்த மூதாட்டி.

வீட்டார் எல்லோரும் ஒன்றாய் இருப்பதற்கென வாங்கிய பொருள் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டது. இதன் காரணத்தை ஆராய்ந்தபோது நாம் அறிந்துகொண்டவற்றை வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

படமாளிகையும் வீடும்

பேசும் படம் தோன்றிய காலத்தில் ஒலி திரைக்குப் பின்னிருந்தே வந்தது. 1940-இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபன்டாசியா' நியூயோர்க்கிலே திரையிடப்பட்டபோது, இசை பார்வையாளரைச் சூழ்ந்து ஒலிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1953-இல் வெளியான 'த ரோப்' என்னும் சினிமாஸ்கோப் படத்தில் நான்கு ஒலித்தடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று மண்டபத்தின் உள்ளே அமைந்த ஒலிபெருக்கிகளுக்கு உரியது. 1992-இல் 'பட்மன் ரிட்டேர்ன்ஸ்' படத்துடன் வந்த டொல்பி டிஜிட்டல் முறை, சூழொலியை இடம், வலம் எனப் பிரித்துத் தந்தது. 1999-இல் 'ஸ்டார் வோர்ஸ்' வரிசைப் படமொன்றுடன் நேர்பின்னால் ஒலிக்கும் தடமும் சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. படமாளிகையின் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் பல ஒலிபெருக்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஆகவே மழையோசை எல்லோர்மீதும் ஏறக்குறையச் சமமாகப் பொழிகின்றது. வீட்டிலோ அவ்வேலை முழுவதையும் இரண்டு பெட்டிகள் செய்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கு மிக அருகே இருப்பவர் அதன் முழுச்சுமையையும் தாங்குகிறார். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது திறந்த வெளிக்குரிய விதி. அறையினுள்ளே சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இக்குறைவு சற்றுச் சிறிதாகலாம். ஆயினும் இரண்டடி தூரத்தில் இருப்பவருக்கும் எட்டடி தூரத்தில் இருப்பவருக்கும் கேட்பது ஒன்றாகாது.

செவியின் சூட்சுமம்

ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், எது சிறிது முந்தி வருகின்றதோ அவ்விடத்திலிருந்தே முழுவதும் வருவதாகச் செவி கொள்கின்றது. இதனை 1949-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து விளக்கினார். ஒலி ஓர் அடி செல்வதற்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். எனவே அருகிலுள்ள பெட்டி எப்பொழுதும் முந்திக்கொள்ளும். ஒலிப்பெருக்கியினுள்ளே ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் குறித்துவிட்டால், அது அருகிலுள்ளதைச் சற்றுத் தாமதிக்கச் செய்யும். ஆயினும் அக்கணக்கு ஓர் ஆசனத்துக்கே பொருந்தும். மூலைக் கதிரைக்கு அது உதவுவதில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. தலைக்கு நேர்பின்னால் எழும் ஓசையைச் செவி சிலவேளை முன்னாலிருந்து வருவதாக மயங்குகின்றது. ஆதலாற்றான் நேர்பின்னால் ஒற்றைப் பெட்டி வைப்பதிலும், இடம் விட்டு இரண்டு வைப்பது நன்று.

எத்தனை? எவ்வகை?

முதலில் வாங்கவேண்டியது ஓர் அளவுநாடா. கதிரை பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்பக்கச் சோடிக்கு அங்கே இடமில்லை. அத்தகைய அறைக்கு ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிப் பெட்டியும் போதும். சூழொலிப் பெட்டிகள் இரண்டும் செவிக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, திரையை நோக்கியிருப்பவருக்கு 110 முதல் 120 பாகை வரையில் அமைதல் வேண்டும். கதிரைக்குப் பின்னே நாலைந்து அடியேனும் வெளியிருந்தால் மாத்திரமே, 135 முதல் 150 பாகை வரையில் மற்றுமொரு சோடியைப் பற்றி எண்ணலாம். உயரம், அமர்ந்திருப்பவரின் செவிக்கு ஓரடி இரண்டடி மேலாக இருப்பது நலம்.

நேரே ஒரு பக்கம் மட்டும் ஒலியை வீசும் பெட்டி, தூரம் போதியதாயுள்ள அறைக்கு ஏற்றது. கதிரைகள் பெட்டிக்கு மிக அண்மையில் இருந்தால், சுவர் நெடுக இரண்டு புறமும் ஒலியைப் பரப்பும் வகையைப் பார்க்கலாம். அது ஒருவர் செவியைக் குறிவைக்காது.

பெரிய பெட்டிதான் சிறந்தது என்பது தவறான எண்ணம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியைப் பொதுவாகத் தாழொலிப் பெட்டியே ஏற்றுக்கொள்ளும். ஆதலால் புத்தகத் தட்டில் வைக்கத்தக்க அளவுள்ளது போதும். ஆயினும் மிக மலிந்த எதுவும் பின்னுக்குப் போதுமென்பது பழைய காலத்துப் பேச்சு. 1987-இல் வந்த புரோ லொஜிக் முறையில் பின்னொலி 7,000 ஹேர்ட்ஸுடன் நின்றுவிட்டது. இன்றைய ஒலித்தடங்களில் அவ்வரம்பு இல்லை.

யாவற்றினும் முக்கியமானது குரல் ஒற்றுமை. திரையிலே ஒரு மோட்டார் வண்டி முன்னிருந்து பின்னோக்கி விரைகின்றது. பாதிவழியில் அதன் ஓசை மாறினால், அது வேறொரு வண்டி என்றே செவி எண்ணும். எனவே முன்பெட்டிகளைச் செய்த அதே நிறுவனத்தின் அதே வரிசையில் சிறியதொரு சோடியைத் தேடுவது அறிவுடைமை. பணம் ஓரளவே இருப்பின், வசனத்தைத் தாங்கும் நடுப்பெட்டிக்கு முதலிடம் கொடுங்கள். பின்சோடி அடுத்த ஆண்டும் வரலாம். கம்பியில்லாப் பெட்டிகளை விரும்புவோர் ஒன்றை மறவாதிருக்க: பெரும்பாலானவற்றுக்குச் சுவரிலே மின்தொடுப்பு வேண்டும்.

மூலைக் கதிரைப் பரீட்சை

கடைக்குச் செல்லும்போது நீங்கள் நன்கறிந்த படமொன்றைக் கொண்டு செல்லுங்கள். வெடியும் இடியும் எந்தப் பெட்டியையும் வீரனாக்கும். மழை, சந்தை இரைச்சல், இரவுப் பூச்சிகளின் ரீங்காரம் ஆகியவற்றைக் கேளுங்கள். எவரேனும் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தால் அது தன் கடமையில் தவறிற்று என்க. வீட்டிலே பூட்டியபின், நடுக் கதிரையிலல்ல, மூலைக் கதிரையில் அமர்ந்து ஒரு காட்சியைக் கேளுங்கள். வசனம் அங்கே விளங்கினால் மற்றெங்கும் விளங்கும்.

நம் நண்பரும் அவ்வாறே செய்தார். பெரிய சோடியை விற்று, முன்பெட்டிகளின் வரிசையிலேயே சிறியவற்றை வாங்கினார். அவற்றைப் பக்கச் சுவர்களிலே உயர்த்தி மாட்டினார். ஒலியையும் சற்றுக் குறைத்தார். மைந்தனான மாணவனுக்கு அதில் மனக்குறைதான். "முந்தி நல்லா அதிர்ந்தது, அப்பா" என்றான்.

சென்ற ஞாயிறு மீண்டும் மழைக் காட்சி வந்தது. தாயாரின் கதிரை பழைய மூலைக்குத் திரும்பியிருந்தது. படத்தில் கதாநாயகி ஏதோ மெல்லக் கூறினாள். நமக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. அவள் சொன்னதை நமக்கு எடுத்துரைத்தவர் அந்த மூதாட்டியேதான்.