சங்கிலித் தையலின் கடைசிக் குத்து

பூதப்பாண்டி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா கல்யாணச் சீரோடு கொண்டுவந்த தலையணை உறையில் ஒரு நூல் தொங்கிற்றாம். பேரன் அதைப் பிடித்து இழுக்க, ரோஜாக் கொடி முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டதாம். நூல் இற்றுப்போயிற்றா என்று கேட்கிறார்.

இற்ற நூல் அறுந்துபோகும், உருவி வராது. இது சங்கிலித் தையலின் குணம். துணிமேல் ஒரு கண்ணி கிடக்கும். அடுத்த கண்ணி அதனுள்ளிருந்து எழும்பி, அதைத் துணியோடு பிடித்துக்கொள்ளும். கடைசிக் கண்ணியைப் பிடிக்க மட்டும் ஆளில்லை. அதன் தலைமேல் ஒரு சின்னக் குத்துப் போட்டு அடைக்க வேண்டும். அது விட்டுப்போனால் வரிசையாக அவிழ்ந்துவிடும். தொடங்கிய முனையைப் பிடித்து இழுத்தாலோ அசையாது. அரிசிச் சாக்கின் வாய் அப்படித்தானே! சரியான முனையை இழுத்தால் சர்ரென்று திறக்கும். மறுமுனையில் மல்லுக்கட்டினால் கத்தரிக்கோல்தான் கதி.

என் சிறுவயதில், கல்யாணம் நிச்சயமான அக்காமார் மத்தியானமெல்லாம் படிப்புரையில் வளையமும் கையுமாக இருப்பார்கள். கார்பன் தாள் வைத்துப் பூவைப் பதித்து, மாப்பிள்ளை பெயரின் முதலெழுத்தையும் தன்னுடையதையும் கொடியால் சேர்ப்பார்கள். பாட்டி பூவைப் பார்க்கமாட்டாள். "பின்பக்கத்தைக் காட்டு மக்கா" என்பாள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் நூல்வேலை வெறும் அலங்காரமல்ல. 1821இல் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், மிஷன் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிய 1855 ஆயிற்று. அதற்கு முன்பே லேஸ் கூலியால் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு.

இன்று கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை இல்லாமல் ஆகாது. அதுவும் இதே சங்கிலித் தையல்தான்; ஊசிக்குப் பதில் கொக்கி. சட்டத்தில் இழுத்துக்கட்டிய துணிக்கு அடியில் ஒரு கை நூலைக் கொடுக்கும், மேலே இன்னொரு கை கண்ணியை இழுத்தெடுக்கும். அடிக்கடி நூல் கோக்க வேண்டாம் என்பதால் வேகம். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நாம் கூலியைக் குறைக்கிறோம். பட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, குனிந்து கழுத்து நோகிறவளிடம் பேரம் பேசுகிறோம். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்து நின்று அவசரப்படுத்துகிறோம். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அந்தக் கடைசிக் குத்துதான்.

ரவிக்கை வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். முனைகளெல்லாம் ஒழுங்காக அடைத்திருந்தால், கேட்ட கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.