காளானின் சர்க்கரைச் சங்கிலி

பட்டுப்போன ரப்பர் மரத்தண்டில் சிறு விசிறிகளாக முளைக்கும் சாம்பல் வெண்ணிறக் காளானை மலாய் மக்கள் ‘செண்டாவான் குக்கூர்’ என்பர். தேங்காய்ப்பாலில் சமைத்து உண்பர். அறிவியலார் அதற்கிட்ட பெயர் ஸ்கைசோஃபில்லம் கொம்யூன். அது சுரக்கும் ஸ்கைசோஃபில்லான் என்னும் கூட்டுச்சர்க்கரை, காளான் வேதியியலுக்கு நல்லதொரு வாயில்.

அரிசியின் மாவுப்பொருள், மரத்தின் செல்லுலோஸ், இக்காளானின் குளுக்கான் ஆகிய மூன்றும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் கோக்கப்பட்டவை. வேறுபாடு கோப்பில்தான் உள்ளது. குளுக்கோஸின் ஆறு கார்பன் அணுக்களுக்கு 1 முதல் 6 வரை எண்ணிடுவர். மாவுப்பொருளின் நெடுஞ்சங்கிலியில் ஒன்றின் முதற்கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனோடு ஆல்ஃபா திசையில் இணைகிறது. உமிழ்நீரின் நொதி அதனை வெட்டிவிடும். செல்லுலோஸிலும் அதே 1, 4 எண்களே. திசை மட்டும் பீட்டா. சோறு செரிப்பதும் மரத்தூள் செரியாததும் இவ்வொரு மாற்றத்தால்தான்!

ஸ்கைசோஃபில்லானின் முதுகெலும்பு பீட்டா 1,3 பிணைப்பு. அதில் மூன்று குளுக்கோஸுக்கு ஒன்று வீதம், பீட்டா 1,6 பிணைப்பில் ஒரு குளுக்கோஸ் கிளையாகத் தொங்கும். ஷீத்தாக்கே காளானின் லென்டினானில் ஐந்துக்கு இரண்டு கிளைகள். 1,3 பிணைப்பு சங்கிலியை வளைப்பதால், மூன்று சங்கிலிகள் நீரில் கூந்தற்பின்னல் போல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். நீர் கொதிக்கும் வெப்பம் அப்பின்னலை அவிழ்க்காது. ஏறத்தாழ 135 பாகை செல்சியஸ் வேண்டும்.

மனித உடல் பீட்டா 1,3 குளுக்கானை ஆக்குவதில்லை. ஆகவே நம் வெள்ளணுக்களின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி, அச்சங்கிலியைக் கண்டதும் பூஞ்சை புகுந்ததென உணர்கிறது. ஜப்பானில் 1980-களில் இவ்விரு குளுக்கான்களும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாயின. அவை ஊசிவழி செலுத்தப்பட்டவை என்பதை மறத்தலாகாது. குழம்பில் உண்ணும் காளானுக்கு அச்சான்றை நீட்டுவது முறையன்று.

அம்பாங்கிலோ வேறெங்கோ வாங்கும் காளான் மாத்திரைப் புட்டியில் ‘பாலிசாக்கரைடு இத்தனை விழுக்காடு’ என்றிருந்தால் அது எதைச் சொல்கிறது? ஃபீனால்–கந்தக அமில முறை எல்லாச் சர்க்கரையையும் ஒன்றாகவே எண்ணும். தானியத்தில் வளர்த்த பூஞ்சையிழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்திருந்தால், அரிசி மாவும் அவ்வெண்ணுக்குள் அடங்கிவிடும். பள்ளி ஆய்வகத்திலேயே இதனைச் சோதிக்கலாம். தூளை நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் அயோடின் கரைசல் ஒரு துளி விடுக. கருநீலம் தோன்றின் அது மாவுப்பொருள். காளானின் சொந்தச் சேமிப்பாகிய கிளைக்கோஜன் செம்பழுப்பே காட்டும். பீட்டா குளுக்கானோ நிறம் காட்டாது. அதன் அளவை அறிய, அதனை மட்டும் வெட்டும் நொதிகள் தேவை.