கோரி முட்டை வைக்க மழை வேணும்

“கோரி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு ப்ரோ, நல்லா சாப்பிடுது, ஒரு முட்டைகூட வைக்கல.” இந்தக் கேள்விக்காகவே இந்த எபிசோட்.

கோரிடோராஸ், நம்ம ஏரிக் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். ஊர் தென் அமெரிக்கா. கொளத்தூர் கடைகள்ல ‘பிரான்ஸ் கோரி’ன்னு கேட்டா கிடைக்கும் (நாடு இல்ல, வெண்கலம்). 2024-ல் ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தைப் பல துண்டாப் பிரிச்சுட்டாங்க. பிரான்ஸ் கோரிக்கு இப்போ ஆஸ்டியோகாஸ்டர்னு பேர். அந்த ரீநேம் கடை போர்டு வரைக்கும் இன்னும் வரல.

இந்த மீனுக்கு முட்டை வைக்கற சிக்னல் மழை. திடீர்னு தண்ணி குளிர்ந்து, உப்பும் குறைஞ்சா, ‘சீசன் வந்துடுச்சு’ன்னு எடுத்துக்கும். அதனால ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண்னு விட்டு, பத்து நாள் புழு உணவு நல்லாக் கொடுங்க. அப்புறம் பாதித் தண்ணியை எடுத்துட்டு, மூணு நாலு டிகிரி குளிர்ச்சியான தண்ணியை மெதுவா ஊத்துங்க. பல தடவை மறுநாள் காலையிலேயே கண்ணாடியில முட்டை ஒட்டியிருக்கும். ஒண்ணும் நடக்கலைன்னா நாலு நாள் கழிச்சு மறுபடி.

கடத்தூர்ல எனக்கு இருக்கற சிக்கல் தண்ணிதான். தருமபுரி மாவட்டத்து போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். எங்க போர் தண்ணி கடினத் தண்ணியும்கூட. பெரிய கோரி அதைத் தாங்கிக்கும், முட்டைதான் சரியாப் பொரியாது. நான் மொட்டை மாடி மழைத் தண்ணியைப் பிடிச்சு, போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலக்கறேன். முதல் மழையைப் பிடிக்காதீங்க, அது மாடியோட அழுக்கு. குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் பக்கெட்ல வெச்சு ஊத்துங்க.

இனச்சேர்க்கைதான் இதுல விநோதம். பெண் மீன் ஆணோட வயித்துல வாயை வெச்சு நிக்கும். மேல இருந்து பார்த்தா ஆங்கில ‘டி’ எழுத்து. 1995-ல் ஜப்பான் ஆய்வாளர் கோடாவும் அவரோட குழுவும் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்லுதுன்னா, பெண் விந்தணுவைக் குடிக்குது. அது குடல் வழியா சில நொடியில வெளிய வந்து, வயித்துத் துடுப்பைக் கூடை மாதிரி குவிச்சு வெச்சிருக்கற முட்டை மேல படுது. விந்தணு செரிக்காம வந்துடுது! அப்புறம் நீந்திப் போய் முட்டையைக் கண்ணாடியில ஒட்டும்.

ஒட்டினதும் தாய் தகப்பனே தின்னும். ஒரு மணி நேரம் விட்டா முட்டை கொஞ்சம் கெட்டியாகும். விரலால மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணி ஊத்தின டப்பாவுக்கு மாத்துங்க. கூடவே ஏர் ஸ்டோன், ஒரு காய்ஞ்ச பாதாம் இலை. கருவான முட்டை பழுப்பாகும். வெள்ளையாப் பஞ்சு கட்டினதை உடனே எடுத்துடுங்க, இல்லைன்னா பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை தாவும்.

மூணுலேர்ந்து அஞ்சு நாள்ல பொரியும். முதல் ரெண்டு நாள் மஞ்சள் கருவே சாப்பாடு. அப்புறம் புதுசாப் பொரிச்ச ஆர்டீமியா, இல்லை மைக்ரோ புழு. குஞ்சு அதிகமாச் சாகறது இங்கதான். அடியில தங்கற மீச்சம் அழுகி, மீசை அரிச்சுடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, தினமும் ட்யூப் வெச்சு அடியை உறிஞ்சி எடுங்க.

குஞ்சு நிறைய ஆயிடுச்சுன்னா கடைக்காரர்கிட்டயோ நண்பர்கிட்டயோ கொடுங்க, ஏரியில மட்டும் விடாதீங்க. ‘டேங்க் கிளீனர்’னு வாங்கி, ஒரு அடிக்கு மேல வளர்ந்ததும் கொண்டுபோய் விட்ட சக்கர் மீன்தான் இன்னைக்குத் தமிழ்நாட்டு ஏரிகள்ல மீனவங்க வலையைக் கிழிச்சுட்டு இருக்கு.