இருமல் வரவில்லையா? அதுதான் ஆபத்து!

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குப் பால் ஊற்றும் தாய்மார்களே, உஷார்!

பால் கொடுக்க ஒரு மணி நேரம். உள்ளே போவதோ அரைச் சங்கு. மீதி கடைவாயில் வழிந்து துணியை நனைக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்த பல வீடுகளில் இதுதான் தினசரிப் போராட்டம். "சோம்பேறிப் பய! மூக்கைப் பிடிச்சு ஊத்தும்மா, தானா முழுங்குவான்" என்பார் பாட்டி. தாயும் வேறு வழி தெரியாமல் ஊற்றுவாள்.

ஊற்றிய பால் எங்கே போகிறது? சில குழந்தைகளுக்கு வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது!

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. கிரகணமும் காரணம் இல்லை. மனித உடம்பின் செல்லில் 46 குரோமோசோம்கள் உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு 21-வது எண்ணில் ஒன்று கூடுதல். 1959-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் இதை வெளியிட்டார்கள். சுமார் 1,000 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது.

இவர்களுக்குத் தசைகள் தளர்ச்சியாக இருக்கும். வாய் சிறியது. நாக்கு முன்னே தள்ளும். உதடு இறுகப் பிடிக்காது. அதனால் உறிஞ்ச முடிவதில்லை. சோம்பல் அல்ல, பலம் போதவில்லை.

சத்தமில்லாத வில்லன்

நமக்குத் தண்ணீர் புரை ஏறினால் உடனே இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். இந்தக் குழந்தைகளில் பலருக்கு அந்த இருமலே வராது. பால் சத்தமில்லாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, நிமோனியா காய்ச்சல் வரும். "மழையில் சளி பிடிச்சிருக்கு" என்று வீட்டில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை: குடித்ததும் தொண்டையில் கரகரவென்ற ஈரச் சத்தம், கண்ணில் நீர், எடை ஏறாமை. குடிக்கும்போது வியர்த்துக் கொட்டினால் இருதயத்தையும் பார்க்க வேண்டும். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு உண்டு. உதடு நீலமானால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும்

பேரியம் என்ற மருந்தைப் பாலில் கலந்து குடிக்க வைத்து, ஓடும் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். பால் எந்த வழியில் போகிறது என்று அதில் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மூக்கைப் பிடிக்கவே கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. தலையை உயர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலும் கொடுக்கலாம். குழந்தையின் தாடையை விரலால் தாங்கினால் பிடிப்பு கிடைக்கும். டாக்டர் சொல்லாமல் பாலைக் கெட்டியாக்கக் கூடாது. பல் தாமதமாக முளைக்கும். அதனால் மென்று தின்னப் பழகும்வரை வேர்க்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை வேண்டாம்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் சேர்க்கப்பட்டுள்ளது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் சிகிச்சை இலவசம். விழுங்கும் பயிற்சி பற்றி அங்கே கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

"வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். குழந்தை வளர்வதற்கே பால் சரியான வழியில் போயாக வேண்டும்.