உத்திரத்தை உடைக்காமல் அறிதல்

ஹைதராபாத் கோட்டியில் ரெசிடென்சி மாளிகையின் கட்டுமானம் 1803இல் தொடங்கியபோது எஃகு விட்டமும் கான்கிரீட்டும் கூரைக்கு வந்திராத காரணத்தால், அக்காலத்து மட்டக்கூரைகளின் பாரத்தைச் சுமக்கும் பொறுப்பு மர உத்திரங்களையே சார்ந்திருந்தது. அத்தகைய கட்டடங்களைப் பழுதுபார்க்க முனைவோர், இரு நூற்றாண்டு சுமந்த மரம் இனியும் எவ்வளவு சுமக்கும் என்று அறிய வேண்டியிருக்கிறது. மரத்தின் பலத்தை ஐயமறக் காட்டுவது அதை ஒடித்துப் பார்ப்பதுதான், கூரையைத் தாங்கி நிற்கும் உத்திரத்தையோ ஒடிக்க முடியாது.

ஒடித்துப் பார்க்கும் சோதனைகளை, 1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இந்திய மரங்கள் பலவற்றில் நடத்தியிருக்கிறது. ஐ.எஸ். 1708 என்னும் இந்தியத் தரநிலையின்படி, கணுவோ வெடிப்போ இல்லாத 5 செ.மீ. சதுரக் கட்டை ஒன்று, 70 செ.மீ. இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் கிடத்தப்பட்டு, நடுவில் சீரான வேகத்தில் அழுத்தப்படுகிறது. உலர்ந்த தேக்கு ஏறத்தாழ 1,100 கிலோ வரை தாங்கக்கூடும். முதலில் மேற்புறத்து நார்கள் நசுங்கி மெல்லிய சுருக்கக் கோடு விழ, பின்னர் அடிப்புறத்து நார்கள் இழுபட்டுச் சிராய் சிராயாகப் பிய்ந்து, கட்டை சடசடவென்று முறிகிறது. இதே தேக்கு ஈரமாயிருந்தால் முன்னதாகவே முறிந்துவிடும் என்பதால், முடிவுகள் 12 விழுக்காடு ஈரப்பதத்துக்குச் சரிசெய்து ஒப்பிடப்படுகின்றன.

எனினும் வடிவமைப்பில் அனுமதிக்கப்படுவது இவ்வலிமையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. உண்மையான உத்திரத்தில் கணுவும் சாய்ந்தோடும் நாரும் இருக்கும், பாரமும் ஆண்டுக்கணக்கில் இறங்காது. மிக உயர்ந்த தரத்து மரத்தில் நாரின் சாய்வு 20 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் போகலாகாது. ‘வைரம் பாய்ந்த மரம்’ என்று தச்சர்கள் போற்றும் நடுமரம், புறத்தே உள்ள வெளிர்மரத்தைவிடப் பெரிதும் வலியது என்று சொல்வதற்கில்லை. கரையானுக்கும் உளுப்புக்கும் எளிதில் இரையாகாமையே அதன் சிறப்பு.

கட்டடத்தில் நிற்கும் உத்திரத்துக்கு இந்த உளுப்பே முதற்பகை. வளையும் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 30 செ.மீ. உயரத்தில் 3 செ.மீ. அரிக்கப்பட்டாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஆகவே சுத்தியலால் தட்டி ஓசை கேட்டபின், மெல்லிய ஊசியொன்று மரத்துக்குள் சுழன்று இறங்க, அது சந்திக்கும் தடையை ஒரு கருவி கோடாக வரைகிறது. நடுப்பகுதியில் உயர்ந்தோடும் கோடு, ஈரச் சுவருக்குள் புதைந்த முனையருகே படுத்துவிடுமானால், அந்த முனையை மட்டும் அறுத்து நீக்கிப் புதுத் தேக்கை இணைத்து, மீதி உத்திரத்தை அது நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம்.