சித்தூர் தொலைந்த ஊர் இல்லை

தமிழ்நாட்டு மேடைகளில் சித்தூர் என்ற பெயர் வந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். எல்லைப் போராட்டம், ம.பொ.சி., திருப்பதி என்று பேசுகிறவர் அடுக்கிக்கொண்டு போவார். "கைவிட்டுப் போன ஊர்" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். சித்தூரிலேயே பிறந்து, அங்கேயே தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பெருமூச்சு உறுத்தும். ஊர் எங்கேயும் போய்விடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இங்கே வாழ்கிறோம். எங்களுக்காக வருந்துகிறவர்கள் ஒரு தடவை வந்து, நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று பார்த்துவிட்டு வருந்தட்டும்.

வருவது சுலபம். வேலூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். காட்பாடி தாண்டினால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி, அப்புறம் ஆந்திரப் பக்கத்து நரஹரிபேட்டை, அப்புறம் நாங்கள். கடைப் பலகையில் எழுத்து மாறும்; சாலையோரத்து மாந்தோப்பு மாறாது. எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு ஓடுவார்கள். எலும்பு முறிந்த தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். புத்தூர்க் கட்டு தெரியாத தமிழர் உண்டா? எங்கள் மாவட்டத்து அரகொண்டாவில் பிறந்த பிரதாப் சி. ரெட்டி 1983இல் அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கியது சென்னையில். போக்கும் வரவும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெருமூச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர்விட்டது சித்தூருக்குப் பக்கத்துப் பாசறையில். பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர்தான். வேலூர், ஆரணி, குடியாத்தம் ஆட்களெல்லாம் கலெக்டர் கச்சேரிக்கு இங்கேதான் வரவேண்டும். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுக்காக்கள், கடப்பையிலிருந்து மதனப்பள்ளிப் பக்கம், புங்கனூர், காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஜமீன்கள் எல்லாம் சேர்ந்தது அது. பிறந்தபோதே கலப்புதான்.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் மொத்தமும் அதில் சேர்ந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடினார்கள். படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் எங்களிடமிருந்து சென்னை மாநிலத்துக்குப் போயின. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அங்கிருந்து எங்களிடம் வந்தன. 1888இல் பின்னாளைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டம், பிறகு செங்கற்பட்டு, இன்று திருவள்ளூர். அந்த ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு நகராமலே இத்தனை மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் எங்கள் மாவட்டத்தை மறுபடி உடைத்தார்கள். திருப்பதி தனியாகப் போயிற்று.

என் அப்பா வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளை. மண்டி முதலாளி தெலுங்கர். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சி வண்டியில் கொண்டுவருகிறவர்களில் இரண்டு மொழிக்காரர்களும் உண்டு. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வேலூர், குடியாத்தத்து ஆட்கள். அப்பா பேரேட்டைத் தெலுங்கில் எழுதுவார். வீட்டுக் கணக்கைத் தமிழில் எழுதுவார். எல்லைத் தகராறு நடந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால், "ஊரு எந்தப் பக்கம் போனா என்னம்மா, வெல்லம் வேலூருக்குத்தானே போகணும்" என்பார். அக்கறையில்லாமல் சொன்னது கிடையாது. மறியல், ஊர்வலம் என்று மண்டி சாத்தின நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது எதிர்வீட்டு ரெட்டியம்மா கொடுத்தனுப்பிய அரிசியில் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த ஊரை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால் நான் பாரதத்தைச் சொல்வேன். எங்கள் பக்கத்து ஊர்களில் தர்மராஜா கோயில் என்று ஒன்று இருக்கும். தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் என்பீர்கள். பதினெட்டு நாள் திருவிழா. பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள், இரவில் கூத்து. பகாசுரன் வதத்தன்று சோற்று மூட்டையும் கறியும் ஏற்றிய வண்டி தெருத்தெருவாக வரும், வீமன் வேஷக்காரர் மேலே உட்கார்ந்து அள்ளித் தின்றுகொண்டே வருவார், பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடுவோம். அர்ச்சுனன் தபசுக்கு வானளாவ ஒரு மரம் நட்டு, அதில் அர்ச்சுனன் படிப்படியாகப் பாடிக்கொண்டு ஏறுவார். பிள்ளையில்லாத பெண்கள் குளித்த ஈரப் புடவையோடு மரத்தடியில் குப்புறப் படுத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசுகிற எலுமிச்சம்பழம் யார் மேல் விழப்போகிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் தெருவை அடைத்துப் படுத்திருப்பான். வீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

எங்கள் பக்கத்துக் கூத்தில் பாட்டு பெரும்பாலும் தெலுங்கில். கட்டியங்காரன் மட்டும் எந்த மொழியில் வாய்க்கு வருகிறதோ அதில் பேசுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் எந்த மொழி என்பதைப் பார்த்து அவன் பேச்சு மாறும். வாடகை லைட், பந்தல், வேஷக்காரர்களுக்குச் சாப்பாடு, தீமிதிக்கு விறகு எல்லாம் தெருவுக்குத் தெரு வசூல். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பதினெட்டு நாள் ஒரு வேலையை முப்பது வீடு சேர்ந்து செய்தால் அதற்கப்புறம் வருஷம் முழுக்க அந்த முப்பது வீட்டுக்கும் ஒருவரையொருவர் தெரியும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகனுக்கு வேலை போனது, யார் வீட்டில் கல்யாணத்துக்குக் கைமாற்று வேண்டும் என்பதெல்லாம் வசூல் நோட்டோடு வந்த அறிமுகம்.

கங்கம்மா ஜாத்திரையும் அப்படித்தான். திருப்பதி தாத்தையகுண்ட கங்கம்மா ஜாத்திரை மே மாதத்தில் ஒரு வாரம். கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அதனால் தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரும். பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைக் கொல்வதற்கு அவள் நாளுக்கு ஒரு வேஷம் போட்டுத் தேடினாள் என்பது கதை. அதே வேஷங்களை ஆண்கள் போட்டுக்கொண்டு தெருவில் வருவார்கள்: பைராகி, தோட்டி, துரை, மாதங்கி. துரை வேஷத்தன்று பாளையக்காரன் அகப்பட்டுவிடுவான். மறுநாள் மாதங்கி வேஷத்தில் அம்மன் எங்கே போகிறாள் தெரியுமா? செத்தவனின் பெண்டாட்டியிடம், ஆறுதல் சொல்ல. அழிக்க வந்தவள் அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறாள் என்று ஒரு ஊர் தன் கதையில் வைத்திருப்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். வேண்டுதல் வைத்த ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, மஞ்சள் பூசி வருவார்கள். யாரும் கேலி செய்வதில்லை. சித்தூரிலும் நடுவீதி கங்கம்மாவுக்கு மே மாதம் ஜாத்திரை உண்டு. அன்று ஊரில் பொங்கல் பானை வைக்காத வாசல் அபூர்வம்.

காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விநாயகர் சதுர்த்தியில் தொடங்கி இருபத்தொரு நாள் உற்சவம் நடக்கும். குடியை விடுகிறேன் என்று குளத்தில் முழுகிச் சத்தியம் செய்ய வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பங்காளிச் சண்டையில் "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு" என்றால் பொய் சொன்னவன் பாதி வழியிலேயே இறங்கி வந்துவிடுவான். திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஓதுகிறார்கள். திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலானவை தமிழ். அதைக் காட்டி மலையை யாருடையது என்று வழக்காடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மார்கழிக் குளிரில் அங்கே வரிசையில் நின்று ஆண்டாளைக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெலுங்கர்கள், கைகூப்பித்தான் கேட்கிறார்கள்.

இரண்டு கலைஞர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1954இல் சங்கீத கலாநிதி ஆனவர். சித்தூர் நாகையா குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில் பிறந்தவர். நாடகத்தில் காலூன்றியது சித்தூரில். 1945இல் வந்த 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவனாக நடித்த ராணா அவர்தான். அவர் பெயரில் ஊரில் ஒரு கலாக்ஷேத்திரம் இருக்கிறது. கல்யாண வரவேற்பு முதல் பள்ளி ஆண்டுவிழா வரை அங்கே நடக்கும்.

ஊருக்குச் சோறு போடுவது மாம்பழம். நீங்கள் கிளிமூக்கு என்று மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பது எங்களுக்குத் தோத்தாபுரி. ஜூன், ஜூலையில் கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் இரவுபகலாக நிற்கும். டிரைவர்கள் அடியிலேயே படுத்துத் தூங்குவார்கள். பழத்தைக் கழுவி, கூழாக்கி, கிருமி நீக்கி, இருநூறு கிலோவுக்கு மேல் பிடிக்கிற பீப்பாய்களில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் பெட்டிக்கடையில் வாங்கிக் குடிக்கிற மாம்பழச் சாறும் இந்தக் கூழ்தான். 2025இல் விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய், ஆகப் பன்னிரண்டு என்று தீர்மானித்தார்கள். அந்த ஜூனில் வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். சோதனைச் சாவடியில் பழ வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் உழவர்களைக் காப்பாற்ற அந்தத் தடை வேண்டியிருந்தது என்று சொல்கிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் மாமா தோப்பிலேயே அந்த வருஷம் பழம் பறிக்காமல் உதிர்ந்தது. ஆனாலும் சாலையின் அந்தப் பக்கம் அதே மரம் வைத்திருக்கிறவனும் அதே கடனில்தான் நிற்கிறான். தடை போட்டதால் அவன் கடன் நம் கணக்கில் குறையவில்லை.

இனி என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். திருவிழாவிலும் மண்டியிலும் ஒன்றாக இருக்கிற ஊரில், பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ் தேய்ந்துகொண்டு வருகிறது. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம், சத்தியவேடு பக்கங்களில் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழிப் பிரிவுகள் இருந்தன. இப்போது சில இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. 1956இல் சேர்த்தது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வருவதில்லை. பாடநூல் தாமதமாக வந்த வருஷங்களில் பழைய பிள்ளைகளிடம் வாங்கி, கிழிந்த பக்கங்களைக் கையால் எழுதி ஒட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். 2019இல் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்றும் ஆணை வந்தது. உயர் நீதிமன்றம் மறுவருஷம் அதை ரத்து செய்தது. ஆனாலும் பெற்றோர் மனசு அதற்குள் மாறியிருந்தது.

ஒரு தாய் என்னிடம் வந்து பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னாள். "டீச்சர், இங்க எங்கள அரவோளு, தமிழாளுங்கன்னு சொல்றாங்க. தமிழ்நாட்டுக்குப் போனா ஆந்திராக்காரங்கன்னு சொல்றாங்க. தமிழ்ல படிச்சி எம்பொண்ணு எங்க போவா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வீட்டுல தமிழ்ப் புஸ்தகம் இருந்தா மட்டும் போதும்மா, ராத்திரி ஒரு பக்கம் படிக்க வை" என்றேன். "புஸ்தகத்துக்கு எங்க போறது?" என்றாள். நியாயமான கேள்வி. மெயின் ரோட்டுக் கடைகளில் தெலுங்கு, ஆங்கிலக் கதைப் புத்தகம் கிடைக்கும். தமிழில் பஞ்சாங்கமும் வார இதழும் கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது.

குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். நான்கு மாநில மொழிகளுக்கும் அங்கே இடம் உண்டு. பெரிய படிப்புக்கு அது போதும். அதற்கு முன்னே 'அ' எழுதக் கற்றுத் தர ஓர் ஆசிரியரும், எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு கதையும் வேண்டும். வேலூரிலும் திருத்தணியிலும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மே மாதம் வந்தால் கங்கம்மாவைப் பார்க்கலாம். ஜூன் நடுவில் வந்தால் மாம்பழ வண்டிகளையும், அப்போதுதான் திறந்திருக்கும் பள்ளிக்கூடங்களையும் பார்க்கலாம். வரும்போது பெரிய எழுத்தில், படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம் நான்கு வாங்கி வாருங்கள். பஸ் நிலையத்தில் இறங்கித் தமிழிலேயே வழி கேளுங்கள், சொல்வார்கள். எந்தத் தமிழ்வழிப் பிரிவில் கொடுத்தாலும் சரி. பிள்ளைகள் அன்று சாயங்கால மணி அடிப்பதற்குள் நான்கையும் படித்து முடித்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்பார்கள்.